மான்செஸ்டரும் காவிரிக் கடைமடையும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கால்வாய் வாதமும் காரைக்கால் பகுதியும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவில் கால்வாய்கள் வெட்டப்பட வேண்டும் என்று மிகுந்த ஊக்கத்துடன் வாதிட்ட ஐரோப்பிய நகரம் மான்செஸ்டர். அவ்வாதத்திற்குச் சான்றாகக் காவிரி, கோதாவரி ஆகியவற்றின் கழிமுக அணைக்கட்டுகள் எடுத்துக்காட்டப்பட்டன. ஆயினும் மான்செஸ்டர் விரும்பிய கால்வாயும் தஞ்சைக் கழிமுகத்தில் ஓடிய வாய்க்காலும் பயனால் வேறுபட்டவை. அவ்வேறுபாடு மறைக்கப்பட்டதன் விளைவுகளை, காவிரியின் கடைமடையில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த காரைக்கால் பகுதியில் நின்று இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கால்வாய், கடைமடை, மான்செஸ்டர், ஆர்தர் காட்டன், குடிமராமத்து, காரைக்கால், முகத்துவாரம்

1. இரு சொற்கள்

கால், வாய் என்னும் இரண்டு கூறுகளை முன்பின்னாக மாற்றித் தமிழ் இரு சொற்களை ஆக்கி வைத்துள்ளது. எழுத்து வழக்கில் இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாக வருவது உண்டு. எனினும் கழிமுகத்து உழவரின் பேச்சில் வாய்க்கால் என்பது வயலுக்கு நீர் கொண்டு செல்வது. அதற்கு மதகும் முறையும் பங்கும் உண்டு. கால்வாய் என்றால் பெரிதாக வெட்டப்பட்டது, அரசால் அமைந்தது என்னும் பொருள் மேலோங்கும். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லோ படகு செல்லும் நீர்வழியையும் பாசன நீர்வழியையும் ஒருங்கே குறிக்கும். இலண்டன் நாடாளுமன்றத்திலும் மான்செஸ்டர் வணிகச் சபையிலும் இந்தியக் கால்வாய்களைப் பற்றி நிகழ்ந்த விவாதங்களைப் படிக்கும்போது, பேசுபவர் எதைக் குறிக்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல இடங்களில் பேசுபவரே அதனைப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு நீர்ப்பாசன வரலாற்று எழுத்துகளில் இப்பொருள் குறித்து இரண்டு போக்குகளைக் காணலாம். ஒன்று, ஆர்தர் காட்டனை வறண்ட நிலத்திற்கு நீர் தந்த வள்ளலாகக் காண்பது. கோதாவரிக் கரையில் இப்போக்கு வழிபாடு என்னும் அளவிற்கே சென்றுள்ளது. மற்றொன்று, குடியேற்ற ஆட்சியின் நீர்ப்பணிகள் அனைத்தையும் இலங்காசயர் ஆலைகளின் பருத்திப் பசிக்குள் அடக்கிவிடுவது. காட்டன் என்னும் பெயரே பருத்தியைக் குறிப்பதால் இரண்டாம் போக்கிற்கு ஒரு சொல்லணியும் தற்செயலாகக் கிடைத்துவிட்டது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டுமே முழுமையாகப் பொருந்தவில்லை.

2. நீரால் எழுந்த நகரம்

மான்செஸ்டரின் கால்வாய் நம்பிக்கை அந்நகரின் சொந்தப் பட்டறிவிலிருந்து பிறந்தது. 1761இல் பிரிட்சுவாட்டர் கோமகனின் கால்வாய் திறக்கப்பட்டு, வொர்சுலி சுரங்கங்களின் நிலக்கரி படகு வழியாக நகருக்கு வந்தபோது நிலக்கரி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பொறியாளர் சேம்சு பிரிண்ட்லி ஓர் ஆற்றுக்கு மேலே பாலமமைத்து அதன்மீது கால்வாயைக் கொண்டு சென்றார். 1776இல் அக்கால்வாய் இரன்கார்ன் வரை நீண்டு மெர்சி ஆற்றைத் தொட்டது. இலிவர்பூல் துறையில் இறங்கிய பஞ்சுப் பொதிகள் நீர்வழியாகவே நூற்பாலைகளை அடைந்தன. 1804இல் இராச்டேல் கால்வாய் பென்னைன் மலைத்தொடரைக் கடந்தது. 1830இல் இலிவர்பூல்–மான்செஸ்டர் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னரும் நீர்வழிப் போக்குவரத்து ஒழிந்துவிடவில்லை. 1851இல் நகரின் மக்கள்தொகை மூன்று இலட்சத்தை எட்டியிருந்தது.

இக்கால்வாய்களில் ஒன்றும் பாசனத்திற்காக வெட்டப்பட்டதன்று. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இலங்காசயரில் அதற்குத் தேவையும் இல்லை. கால்வாய் என்றால் சரக்குச் செலவைக் குறைக்கும் கருவி என்பதே அந்நகரத்தாரின் அடிப்படைப் பொருள். அவர்களுக்கு நீர் வேறொரு வகையிலும் தேவைப்பட்டது. பெருகிய மக்களுக்குக் குடிநீர் வழங்க 1848 முதல் இலாங்டென்டேல் பள்ளத்தாக்கில் சான் பிரெடரிக் பேட்மன் என்னும் பொறியாளரின் திட்டப்படி நீர்த்தேக்கங்கள் தொடர்ச்சியாகக் கட்டப்பட்டன.

அக்குடிநீர்ச் செலவே இந்தியாவைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற ஒப்பீட்டிற்கு அடிப்படையாயிற்று. 1858 சூன் 24 அன்று நாடாளுமன்றத்தில் இந்திய ஆட்சி மசோதா குறித்துப் பேசிய சான் பிரைட், 1834 முதல் 1848 வரையிலான 14 ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பரப்பு முழுவதிலும் எல்லா வகைப் பொதுப்பணிகளுக்கும் செலவிட்ட தொகையைக் காட்டிலும், மான்செஸ்டர் என்னும் ஒரு நகரம் தன் குடிநீருக்கு மட்டும் மிகுதியாகச் செலவிட்டுள்ளது என்றார். 1847 முதல் 1857 வரை மான்செஸ்டரின் உறுப்பினராக இருந்தவர் அவர். அப்போது பர்மிங்காமின் உறுப்பினர். இந்தியப் பருத்தி விளைச்சல் பற்றி ஆராய 1848இல் அமைக்கப்பட்ட நாடாளுமன்றக் குழுவிற்குத் தலைமை வகித்தவரும் அவரே. கம்பெனி ஆட்சியைக் கண்டிக்க இதனைவிடக் கூர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. ஆனால் அவ்வொப்பீட்டில் ஒரு நகரின் குடிநீரும் ஒரு நாட்டின் பாசனமும் சாலையும் துறைமுகமும் ஒரே தராசில் ஏறியதைக் கவனிக்க வேண்டும். தட்டில் வைக்கப்பட்டது பணம் மட்டுமே.

3. முக்கொம்பில் நடந்தது

பிரைட்டின் குழு அமைவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே காவிரியில் மேலணை எழுந்துவிட்டது. இக்காலவரிசை முதன்மையானது.

திருவரங்கத் தீவின் மேற்கு முனையில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, நேரானது. காவிரியின் படுகையோ மணல் படிந்து மேடாகிக்கொண்டே வந்தது. ஆகவே ஆண்டுதோறும் கொள்ளிடத்திற்கு மிகுந்த நீரும் காவிரிக்குக் குறைந்த நீரும் சென்றன. தஞ்சையின் நிலவரி வருவாய் குறையலாயிற்று. 1804இல் கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் கல்லணையை ஆராய்ந்து செப்பனிடத் தொடங்கியது முதல் இச்சிக்கல் அரசின் கவலையாக இருந்தது. 1830ஆம் ஆண்டளவில் காட்டன் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. ஆழங்காண இயலாத ஆற்று மணலில் அடித்தளமிடும் வகையைப் பண்டைய கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார்.

கட்டிய பின் சிக்கல் தலைகீழாயிற்று. மேலணை கொள்ளிடத்தைத் தடுத்ததால் காவிரிக்குள் அளவுக்கு மீறிய நீர் புகுந்து கரைகளை அரித்தது. அதனால் 1843இல் மேலணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பணை தேவைப்பட்டது. ஆற்றை ஓரிடத்தில் தொட்டால் அது வேறிடத்தில் பதில் சொல்லும் என்பதைக் கழிமுகத்தார் அறிவர். பொறியாளர்கள் அதனை ஏழாண்டுகளில் கற்றனர்.

இப்பணிகளுக்கான தூண்டுதல் முழுக்கவும் நிலவரியே. சென்னை அரசின் வருவாய்த் துறைக்கு நஞ்சை வரி வேண்டும். அதற்கு நீர் வேண்டும். விளைந்தது நெல். பருத்தி தஞ்சைக் கழிமுகத்தின் பயிரன்று. மான்செஸ்டரின் விருப்பத்திற்கும் முக்கொம்பு அணைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. எனவே இலங்காசயர் மூலதனத்தின் கருவியாகக் காவிரிப் பணிகளைக் காணும் கருத்து இங்கே நிற்காது. தொடர்பு எதிர்த்திசையில் உண்டாயிற்று. சென்னை மாகாணப் பொதுப்பணிகள் குறித்து 1852இல் அறிக்கையளித்த ஆணையம் (காட்டனின் உடன்பிறந்தார் பிரெடரிக் காட்டன் அதன் உறுப்பினருள் ஒருவர்), ஆர்தர் காட்டனின் சொந்த நூல்கள், காவிரி, கிருட்டிணை, கோதாவரிப் பாசனம் பற்றி 1856இல் வெளிவந்த பேர்டு சுமித்தின் நூல் ஆகிய அனைத்தும் கழிமுகப் பணிகளின் வருவாயைக் கணக்கிட்டுக் காட்டின. சிறு செலவில் பெருவருவாய் என்னும் அக்கணக்கை மான்செஸ்டர் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட கணக்கில் விடுபட்டது ஒன்று உண்டு. காவிரியில் அணை புதிது, வாய்க்கால்கள் பழையவை. பல நூற்றாண்டுகளாக வெட்டப்பட்டு, தூர்வாரப்பட்டு, பங்கிடப்பட்டு வந்த ஒரு வலைப்பின்னலின் தலையில் ஒரு தடுப்பு அமைந்தது. அவ்வலைப்பின்னலின் செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. ஆகவே வருவாய் விழுக்காடு வியப்பூட்டும் அளவில் உயர்ந்து தோன்றியது. வெறும் மண்ணில் முதல் வாய்க்காலிலிருந்து தொடங்க வேண்டிய இடத்தில் அதே விழுக்காடு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை.

4. பருத்தி மண்ணுக்கு நீர்

1857இல் மான்செஸ்டரில் பருத்தி வழங்கல் சங்கம் தோன்றியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களையே நம்பியிருக்கும் நிலை ஆபத்தானது என்பது அதன் அச்சம். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவ்வச்சம் மெய்யாயிற்று. இந்தியப் பஞ்சு விலை கூடுதலாகவும் தரம் குறைந்தும் வருவதற்குச் சாலையும் நீர்வழியும் இல்லாமையே காரணம் எனச் சங்கம் கருதியது. பெல்லாரி, தார்வாடு போன்ற உள்நாட்டுப் பருத்தி மாவட்டங்களைக் கடற்கரையோடு இணைக்க வேண்டும் என்பது வேண்டுகோள். இதற்கென 1860இல் அமைந்த மான்செஸ்டர் பருத்திக் கம்பெனி மேற்குக் கரையில் கார்வாரை அடுத்த சதாசிவகடத்தைத் துறையாகத் தேர்ந்து எந்திரங்களை அனுப்பியது. இறக்குவதற்கான வசதியோ உள்நாட்டிற்குச் செல்லும் சாலையோ அங்கே ஆயத்தமாக இருக்கவில்லை. கம்பெனியும் நெடுநாள் நிலைக்கவில்லை. இந்தியச் செயலர் சார்லசு வுட் மான்செஸ்டரின் நெருக்குதலுக்கு எளிதில் இணங்கவில்லை என்பதை ஆர்தர் சில்வர், பீட்டர் ஆர்னெட்டி ஆகியோரின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. தடையற்ற வணிகத்தைப் போதித்த நகரம் தனக்கு வேண்டிய பண்டத்திற்காக அரசின் கையை வேண்டி நின்றது என்பதே அவ்வாய்வுகளில் தெரியும் முரண்.

கிழக்குக் கரையில் இவ்வார்வத்தின் வடிவமே 1858இல் தோன்றிய சென்னைப் பாசன, கால்வாய்க் கம்பெனி. பத்து இலட்சம் பவுண்டு மூலதனத்திற்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை அரசு உறுதியளித்தது. துங்கபத்திரையில் சுங்கேசுலா அருகே அணையெழுப்பிக் கர்நூல் வழியாகக் கடப்பை வரை ஏறத்தாழ 190 மைல் நீளத்திற்குக் கால்வாய் வெட்டப்பட்டது. பாசனமும் படகுப் போக்குவரத்தும் ஒரே கால்வாயில் நிகழ வேண்டும் என்பது காட்டனின் உறுதியான கொள்கை. பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் வழியாகக் கடற்கரை வரை நீர்வழியைக் கொண்டு சென்று பஞ்சைக் கப்பலேற்றுவது அப்பெருந்திட்டத்தின் நோக்கம்.

திட்டம் கடலை அடையவில்லை. மூலதனம் தீர்ந்தது, அரசு மேலும் கடன் கொடுக்க நேர்ந்தது, இறுதியில் 1882இல் அரசே கால்வாயை விலைக்கு வாங்கிக்கொண்டது. தோல்விக்குப் பொறியியல் குறைகள் ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் மண்ணில் இருந்தது. கால்வாய் ஓடிய நிலத்தில் பெரும்பகுதி கரிசல். மழையீரத்தைப் பிடித்து வைக்கும் அம்மண்ணில் சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளைந்தன. ஓரளவு மழை பெய்த ஆண்டில் உழவருக்குக் கால்வாய் நீர் வேண்டியிருக்கவில்லை. நீர்வரி கட்டுவதற்கும் மனமில்லை. மழை பொய்த்த ஆண்டில் மட்டும் மதகைத் தேடி வந்தனர். பருத்திக்காக வெட்டிய கால்வாயின் நீரைப் பருத்தி மண் ஏற்கவில்லை. தஞ்சையின் களிமண் வயலையும் நெல்லையும் வைத்துப் போட்ட கணக்குக் கரிசலில் பொய்த்தது இயல்பே.

காவிரிக் கழிமுகத்திலும் படகுக் கால்வாய்க் கொள்கை நிறைவேறவில்லை. கோதாவரியில் புதிதாக வெட்டிய கால்வாய்களில் நீர்ப்பூட்டுகள் அமைத்துப் படகுகளை ஓட்ட முடிந்தது. தஞ்சையில் ஓடுபவை வளைந்து நெளியும் ஆற்றுக் கிளைகள், கோடையில் மணல், பெருக்கில் வேகமும் வண்டலும். நீர் நின்று தாங்கினால்தான் படகு செல்லும்; இறங்கி ஓடினால்தான் வயல் நனையும். இவ்விரண்டையும் ஒரே படுகையில் இணைக்கத் தஞ்சையின் நிலவமைப்பு இடம்தரவில்லை. ஆகவே 1858இல் உருவான மற்றொரு கம்பெனியான தென்னிந்தியப் பெரும் இருப்புப்பாதைக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும் திருச்சிராப்பள்ளிக்கு 1862இலும் தண்டவாளம் இட்டது. அதற்கும் வட்டி உறுதி உண்டு. இப்பகுதியில் சரக்குக்காகவே வெட்டப்பட்ட நீர்வழி நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே செல்லும் வேதாரணியம் கால்வாய். அதில் சென்றது உப்பு. வடக்கே, 1876–78 பஞ்சத்தின் நிவாரண வேலையாக நீட்டி இணைக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தோடு நின்றது, புதுச்சேரியை அடையவில்லை.

அப்பஞ்சம் பழைய வாதத்தை மீண்டும் எழுப்பியது. 1877 இறுதியில் பிரைட் மான்செஸ்டரில் பேசிக் காட்டனின் கால்வாய்த் திட்டங்களுக்கு ஆதரவு திரட்டினார். மறு ஆண்டு அமைந்த நாடாளுமன்றக் குழு காட்டனின் வாதத்தை ஏற்கவில்லை. இருப்புப்பாதைக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பகுதி பாசனத்திற்குச் சென்றிருந்தால் என்னும் கேள்வியை 1904இல் வெளிவந்த நூலில் இரமேசு சந்திர தத்தர் விரிவாக எழுப்பினார். இந்திய தேசியப் பொருளியலுக்குள் காட்டன் நண்பராக நுழைந்த வழி அது. அந்நுழைவில் மான்செஸ்டரின் பெயர் மெல்ல உதிர்ந்துவிட்டது.

5. 1858: உறுதியளிக்கப்பட்ட வட்டியும் கட்டாயப்படுத்தப்பட்ட உழைப்பும்

அதே 1858இல் சென்னை மாகாணத்திற்கென இயற்றப்பட்ட முதலாம் எண் சட்டம் கால்வாய் வாதங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. வெள்ளத்தால் கரை உடையும் நேரத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அச்சட்டம் அதிகாரம் தந்தது. பாசனப் பணிகளுக்கு வழக்கமாகச் செய்துவந்த உழைப்பை, அதாவது குடிமராமத்தை, செய்யத் தவறியோர்மீது செலவைச் சுமத்தவும் வழிசெய்தது. இருபதாம் நூற்றாண்டிலும் அது நடைமுறையில் இருந்தது.

குடிமராமத்தை ஊர்க்கூட்டுறவின் பொற்காலமாகக் காட்டும் எழுத்துகள் நம்மிடையே பெருகியுள்ளன. மிராசு ஊர்களில் தூர்வாரும் கடமை நிலமுடையவரது. மண்வெட்டி பிடித்த கை பெரும்பாலும் பள்ளர், பறையர் முதலிய பண்ணையாட்களுடையது. கடமையும் உழைப்பும் ஒரே ஆளிடம் இருக்கவில்லை. அரசுச் சட்டம் இவ்வழக்கத்தை எழுத்தில் பதித்தபோது உழைத்தவரின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

ஓராண்டில் நிகழ்ந்த இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நாடாளுமன்றத்தில் ஒரு நகரின் குடிநீர்ச் செலவு இந்தியாவிற்கு அளவுகோலாயிற்று. இலண்டனில் ஒரு கால்வாய்க் கம்பெனியின் பங்குதாரருக்கு இலாபம் வராவிட்டாலும் 5 விழுக்காடு வட்டி உறுதியாயிற்று. அவ்வட்டி இந்திய வருவாயிலிருந்து செல்ல வேண்டியது. அக்கம்பெனிக்குச் சான்றாக நின்ற கழிமுகத்திலோ வாய்க்காலைக் காக்கும் உழைப்புக்குக் கூலி உறுதியில்லை, கட்டாயமே உறுதி. மூலதனத்தின் இடர்ப்பாட்டை அரசு ஏற்றது. கரை உடையும் இடர்ப்பாடு குடிகளிடம் விடப்பட்டது.

6. பிரெஞ்சுக் கடைமடை

1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்கால், போர்களில் கைமாறி 1817இல் மீண்டும் அவர்களிடம் வந்தது. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதியில் ஒரு வாய்க்காலின் தலைப்பும் இல்லை எனலாம். அரசலாறும் அதிலிருந்து பிரியும் நாட்டாறு, வாஞ்சியாறும், வடக்கே நண்டலாறும், தெற்கே திருமலைராயனாறும் பிராவடையனாறும் தஞ்சை நிலத்தைக் கடந்த பின்னரே இங்கு நுழைகின்றன. நீரைத் திறக்கும் சாவி பிரித்தானியரிடம். நீருக்குக் காத்திருந்த வயல் பிரெஞ்சு ஆட்சியில். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இடையிலான பழைய வழக்கு இங்கே இரு பேரரசுகளின் எல்லைக்கோடாகவும் ஆயிற்று. 1858ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைக்கு அப்பால் செல்லாது. ஆனால் அச்சட்டத்தின் கீழ்க் காக்கப்பட்ட கரை உடைந்தால் வெள்ளம் எல்லையைப் பார்த்து நிற்காது.

நெசவுத் தொழிலிலும் மான்செஸ்டரின் நிழல் இங்கு விழுந்தது. புதுச்சேரியின் நீலத்துணியான ‘கினே’ மேற்காப்பிரிக்காவின் செனகலுக்குச் சென்று பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது; பிரெஞ்சுப் பகுதிகளின் நெசவுக்கும் சாயத்திற்கும் அதுவே உயிர். ஐரோப்பிய ஆலைத்துணி அச்சந்தையில் போட்டியிடத் தொடங்கியதும் இத்தறிகள் தளர்ந்தன. பிரித்தானிய இந்தியாவில் இறக்குமதிப் பருத்தித் துணிமீதான வரி 1882இல் நீக்கப்பட்டதில் மான்செஸ்டரின் கை வெளிப்படையானது. பஞ்சை வெளிக்கொணர வேண்டிய வழி, துணியை உட்கொண்டு வரும் வழியும் ஆகும் என்பதை அந்நகர வணிகர் ஒருபோதும் மறைத்ததில்லை. நஞ்சை செழித்தால் உழவர் கையில் பணம் புழங்கும், அப்பணம் துணி வாங்கும் என்பதும் அவர்கள் வாதத்தின் ஒரு பகுதியே.

நஞ்சை செழித்ததா? நெல் பெருகியது உண்மை. நாகப்பட்டினமும் காரைக்காலும் இலங்கைக்கு அரிசி ஏற்றுமதி செய்தன. அங்கே தோட்டத் தொழிலாளருக்கு அவ்வரிசி உணவாயிற்று. 1876–78 பஞ்சத்தின் கொடுமையிலிருந்து கழிமுகம் பெரும்பாலும் தப்பியது. இது காட்டனின் பக்கத்தில் வைக்க வேண்டிய கனமான சான்று. இதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. ஆனால் அதே பத்தாண்டுகளில் காரைக்கால் துறையிலிருந்து மனிதரும் ஏற்றப்பட்டனர். 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, பிரித்தானிய முகவரின் மேற்பார்வையில், இரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். அவர்களுள் தஞ்சை மாவட்டத்தாரும் இருந்தனர். பாசனத்தால் செழித்தது எனச் சான்று காட்டப்பட்ட நிலத்திலிருந்தே, அந்நிலத்தில் பங்கில்லாதவர் கப்பலேறினர். வருவாய் விழுக்காட்டைக் கணக்கிட்ட நூல்களில் இவர்களுக்கு இடமில்லை. வரி கட்டியவர் மட்டுமே கணக்கில் வருவர். இவர்கள் வரி கட்டும் நிலையில் இருந்தவர்கள் அல்லர்.

1898இல் பேரளம்–காரைக்கால் இருப்புப்பாதை திறந்தபோது பிரெஞ்சுப் பகுதியும் இரும்பு வலையில் இணைந்தது. நீர்வழியா இருப்புப்பாதையா என்னும் விவாதம் இக்கரையைப் பொறுத்தவரை அத்துடன் முடிந்தது. விந்தை என்னவெனில், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1894இல், மான்செஸ்டர் தனக்கென 36 மைல் நீளமுள்ள கப்பற்கால்வாயைத் திறந்து, இலிவர்பூலின் துறைமுகக் கட்டணத்தைத் தவிர்த்துக் கடற்கப்பலை நகருக்குள்ளேயே கொண்டுவந்தது. உள்நாட்டு நகரம் துறைமுகமாயிற்று. அரசலாற்று முகத்தில் இயற்கையாகவே அமைந்த காரைக்கால் துறையோ மணல்மேட்டோடு போராடிக்கொண்டிருந்தது.

7. ‘வீணாகும்’ நீர்

அம்மணல்மேடே இவ்வாதத்தில் இதுவரை எவரும் எண்ணாத தரப்பை நினைவூட்டுகிறது. திருமலைராயன்பட்டினத்தை அடுத்த பட்டினச்சேரி மீனவர் ஊர். கழிமுகத்தின் நீர் கடலைத் தொடும் வரிசையில் இத்தகைய ஊர்கள் கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை அமைந்துள்ளன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுப் பெருக்கு மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் திறக்கும். பெருக்குக் குன்றினால் கடல் அலைகள் கொண்டுவரும் மணல் முகத்தை மூடும். படகு உள்ளே வருவதும் வெளியே செல்வதும் இடர்ப்படும். உவர்நீரும் நன்னீரும் கலந்து இறால், மீன் குஞ்சுகள் வளரும் கழியின் தன்மை மாறும். நிலத்தடியில் உப்பு ஏறும்.

காட்டனின் கணக்கிலும் மான்செஸ்டரின் கணக்கிலும் கடலில் சேரும் நீர் முழுவதும் இழப்பு. வயலுக்குப் போகாத ஒவ்வொரு கன அடியும் வராத வருவாய். இக்கருத்தைக் குடியேற்ற ஆட்சிக்கு மட்டும் உரியதாகச் சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் வெள்ளக் காலத்தில் நம் செய்தித்தாள்களிலும் சட்டமன்றத்திலும் கடலில் வீணாகும் நீர் என்னும் தொடர் தவறாமல் ஒலிக்கிறது. 1934இல் மேட்டூர் அணை முடிந்த பின்னர்க் கழிமுகத்திற்கு வரும் பெருக்கே அணையின் கதவால் அளவிடப்படுவதாயிற்று. கடைமடையும் முகத்துவாரமும் அக்கதவை நோக்கிக் காத்திருக்கத் தொடங்கின.

காவிரி நடுவர் மன்றத்தின் ஆவணங்களில் இதற்கு ஒரு சிறு மறுமொழி உள்ளது. 1991 சூன் மாத இடைக்கால ஆணை, தமிழ்நாடு தனக்கு வரும் நீரிலிருந்து காரைக்கால் பகுதிக்கு 6 டி.எம்.சி. வழங்க வேண்டும் என்றது. 2007 பிப்ரவரியில் வந்த இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டி.எம்.சி.யில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அப்பங்கை மாற்றவில்லை. அத்தீர்ப்பு வேறு இரண்டு இனங்களையும் தனியே பிரித்து வைத்தது. சுற்றுச்சூழல் காப்புக்கு 10 டி.எம்.சி.; தவிர்க்க இயலாமல் கடலுக்குச் செல்வதற்கு 4 டி.எம்.சி. நீர்ப் பங்கீட்டின் கணக்கேட்டில் கடலுக்கென ஒரு வரி எழுதப்பட்டிருப்பது கவனத்திற்குரியது. அவ்வரியிலும் கடலுக்குச் செல்வது தவிர்க்க இயலாத ஒழுக்காகவே கருதப்படுகிறது. பட்டினச்சேரி போன்ற ஊரின் உரிமையாக அது எழுதப்படவில்லை. தலைமடையிலிருந்து வயல் வரைக்கும் முறைப்பங்கு வகுத்த வாய்க்கால் மரபிலும் முகத்துவாரத்திற்கென முறை வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. காரைக்காலுக்கு உரிய 7 டி.எம்.சி. எந்த மாதத்தில், எந்த ஆற்றின் வழியாக, எவ்வளவு பெருக்காக வருகிறது என்பதை முகத்துவாரங்கள் திறந்தும் மூடியும் இருக்கும் நாள்களோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தால், கழிமுக நீர் வரலாற்றில் வயலுக்கு அப்பாலான பகுதியையும் எழுத இயலும்.